திருவிதாங்கூரின் தாய்மாரை வைத்தியசாலைக்கு அழைத்து வந்த டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ்

திருவனந்தபுரம் நகரின் தைக்காடு பகுதியில் மகளிருக்கும் சிறுவருக்குமான அரசினர் வைத்தியசாலை ஒன்று உள்ளது. இன்று அங்கு பிரசவத்துக்காக வரும் பெண்ணிடம், வைத்தியசாலைக்கு வருவதா, வீட்டிலேயே இருந்துவிடுவதா என்ற தயக்கத்தைக் காண முடியாது. 2019-21 காலப்பகுதியில் இந்தியாவில் மேற்கொள்ளப்பட்ட தேசிய குடும்ப சுகாதார ஆய்வின்படி, கேரளத்தில் நிகழும் பிரசவங்களில் 100க்கு 99க்கும் அதிகமானவை வைத்தியசாலைகளிலேயே நடைபெறுகின்றன. ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் நிலைமை முற்றிலும் வேறாக இருந்தது. இதே வைத்தியசாலையின் வாசற்படியை மிதிப்பதற்கே பெண்கள் அஞ்சினர். பிள்ளைப்பேற்றுக்காக வீட்டை விட்டு வெளியே செல்வது குடும்பத்துக்கு இழுக்கு என்று கருதப்பட்ட காலம் அது. அந்த அச்சத்தைப் போக்குவதில் முன்னின்றவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார்.

அம்மையாரைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவர் எவற்றில் முதலாமவர் என்பதையே அடுக்கிச் செல்வர். அந்தப் பட்டியல் நீளமானது, பொய்யானதும் அன்று. ஆயினும் அதற்குள் அவருடைய உண்மையான சாதனை மறைந்துபோகிறது என்பதே எமது எண்ணம்.

அவர் 1886 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கோட்டயத்துக்கு அண்மையிலுள்ள ஐமனம் கிராமத்தில் வசதி படைத்த கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். பின்னாளில் அருந்ததி ராயின் நாவல் உலகறியச் செய்த அதே ஐமனம்தான். தந்தையார் டி. ஈ. புன்னன், திருவிதாங்கூரின் முதலாவது மருத்துவப் பட்டதாரியாகவும் அரச குடும்பத்தின் வைத்தியராகவும் விளங்கியவர். ஆகவே மகளுக்கு மருத்துவத்தில் நாட்டம் ஏற்பட்டதில் வியப்பில்லை. திருவனந்தபுரத்தில் கன்னியர் மடப் பாடசாலையில் பயின்று மெற்றிக்குலேஷன் பரீட்சையில் சிறப்பாகத் தேறிய அவர், அந்நகரின் மகாராஜா கல்லூரியில் விஞ்ஞான பாடங்களைக் கற்க விண்ணப்பித்தார். பெண் என்ற ஒரே காரணத்துக்காக அனுமதி மறுக்கப்பட்டது. வேறு வழியின்றி வரலாற்றைப் பாடமாக எடுத்து, அக்கல்லூரியின் ஒரே மாணவியாகப் பயின்று 1909 ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார்.

இங்கு தமிழ் வாசகர்கள் நன்கறிந்த இன்னொருவரை நினைவுகூர வேண்டியுள்ளது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரும் அதே 1886 ஆம் ஆண்டில், ஏறத்தாழ அதே வாரத்தில் புதுக்கோட்டையில் பிறந்தவர். அவரும் மகாராஜா கல்லூரி என்ற பெயர் கொண்ட கல்லூரியின் வாயிலிலேயே நின்றார். அங்கு எழுந்த எதிர்ப்பையும் மீறி அவரைச் சேர்த்துக்கொள்ளுமாறு புதுக்கோட்டை மன்னர் பணித்தார். அவர் சென்னை மருத்துவக் கல்லூரிக்குச் சென்று 1912 இல் வைத்தியரானார். அச்சென்னைக் கல்லூரி 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது. கல்வியில் முன்னணியில் நின்றதாகப் பெருமை பேசிய திருவிதாங்கூர், முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரும் ஒரு பெண்ணை இரசாயனம் கற்க விடவில்லை. ஒரு பெண்ணின் எதிர்காலம் அக்காலத்தில் எத்தகைய தற்செயல்களில் தங்கியிருந்தது என்பதற்கு இவ்விருவரின் கதைகளே போதும்.

உள்ளூரில் மூடப்பட்ட கதவு இலண்டனில் திறந்தது. 1878 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்குப் பட்டம் வழங்க முன்வந்திருந்த இலண்டன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று பட்டம் பெற்றார். கேரளப் பெண்ணொருவர் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதற்தடவை. வரலாற்றுப் பட்டதாரி ஒருவர் விஞ்ஞானத்தை அடிப்படையிலிருந்து கற்று இந்நிலையை எட்டியமை சாதாரண உழைப்பன்று. பின்னர் அயர்லாந்தின் டப்ளின் நகரில், 1745 ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் ரொட்டண்டா மகப்பேற்று வைத்தியசாலையில் பயிற்சி பெற்றார். இலண்டன் கிரேட் ஓர்மண்ட் வீதிச் சிறுவர் வைத்தியசாலையிலும் பயின்றார். இவற்றுக்கிடையே மேலைத்தேய இசையைக் கற்றுப் பரீட்சையிலும் தேறினார் என்பது பலரும் அறியாத செய்தி.

முதலாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த 1916 ஆம் ஆண்டில் தாயகம் திரும்பிய அவர், தைக்காடு வைத்தியசாலையின் மகப்பேற்று வைத்தியராகவும் அத்தியட்சகராகவும் பொறுப்பேற்றார். மறு ஆண்டில் சட்டத்தரணி கே. கே. லூக்கோஸைத் திருமணம் செய்தார். அவர் பிற்காலத்தில் திருவிதாங்கூர் உயர் நீதிமன்ற நீதியரசராக உயர்ந்தவர்.

அக்காலத்துப் பிரசவ நிலைமையைச் சற்று விரிவாக நோக்கினால்தான் அம்மையாரின் பணியை அளவிட முடியும். பிள்ளைப்பேறு என்பது வீட்டின் ஒதுக்குப்புறமான அறையில், மலையாளத்தில் வயற்றாட்டி எனப்படும் மருத்துவிச்சியின் கையில் நடைபெற்ற காரியம். அனுபவத்தால் கற்ற இம்மருத்துவிச்சிகள் இயல்பான பிரசவங்களை நன்றாகவே பார்த்தனர். அவர்களை அறிவீனர் என்று ஒதுக்குவது நியாயமாகாது. ஆனால் குழந்தை குறுக்காகக் கிடந்தாலோ, தாயின் இடுப்பெலும்பு ஒடுங்கியிருந்தாலோ, பிரசவத்தின் பின் உதிரப்போக்கு நிற்காவிட்டாலோ அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. நாட்கணக்கில் வேதனைப்பட்ட தாய் இறந்தாள். பிழைத்தவள் சிறுநீர்ப்பை கிழிந்து வாழ்நாள் முழுவதும் ஒதுக்கப்பட்டாள். கழுவாத கைகளினால் பரவிய பிரசவக் காய்ச்சல் ஆரோக்கியமான பெண்களையும் கொண்டுசென்றது. வைத்தியசாலைக்கு எடுத்துவரப்பட்டவர்கள் பெரும்பாலும் எல்லாம் கைமீறிய பின்னர் வந்தவர்கள். அவர்கள் அங்கு இறந்தபோது, வைத்தியசாலைக்குப் போனால் சாவுதான் என்ற நம்பிக்கை மேலும் வலுப்பெற்றது. இந்த வளையத்தை உடைப்பதே புதிய அத்தியட்சகரின் முன்னிருந்த சவால்.

மேலைநாட்டுப் பட்டம் பெற்றுத் திரும்பிய வேறொருவராயின், மருத்துவிச்சிகளைத் தடைசெய்யுமாறு அரசாங்கத்திடம் கேட்டிருக்கக்கூடும். அம்மையார் அவ்வாறு செய்யவில்லை. அம்மருத்துவிச்சிகளின் பிள்ளைகளையே அழைத்து, வைத்தியசாலையில் மகப்பேற்றுப் பயிற்சி வழங்கினார். இதன் நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வீடுகளில் செல்வாக்குப் பெற்றிருந்தவள் மருத்துவிச்சி. வைத்தியசாலைக்குப் போ என்று அவள் சொன்னால் குடும்பம் கேட்கும், போகாதே என்றாலும் கேட்கும். அவளுடைய தொழிலைப் பறிப்பதாக அமைந்திருந்தால் வைத்தியசாலைக்கு எதிரி ஒருத்தி ஒவ்வொரு தெருவிலும் உருவாகியிருப்பாள். மகளுக்குப் பயிற்சியும் மதிப்பும் கிடைத்தபோது தாயின் பகைமை தணிந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவம் அறுந்துபோகாமல், கைகழுவும் பழக்கத்தையும் ஆபத்தின் அறிகுறிகளையும் கற்றுக்கொண்டு தொடர்ந்தது.

அவர் செய்த இன்னொரு காரியம் இதனினும் துணிவானது. தமது முதலாவது குழந்தையை அதே வைத்தியசாலையிலேயே பெற்றெடுத்தார் என்று கூறப்படுகிறது. நீதித்துறையைச் சேர்ந்தவரின் மனைவி, அரச வைத்தியரின் மகள், விரும்பினால் வீட்டுக்கே தாதியரை வரவழைக்கக்கூடியவர், சாதாரணப் பெண்கள் அஞ்சிய கட்டிலில் தாமே படுத்தார். எந்தப் பிரசாரமும் இதற்கு ஈடாகியிருக்காது.

கேரளத்தின் முதலாவது சிசேரியன் சத்திரசிகிச்சையை 1920 ஆம் ஆண்டில் அவர் மேற்கொண்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அப்போது பெனிசிலின் கிடையாது. சல்பா மருந்துகளும் 1930களில்தான் வந்தன. இரத்த வங்கி என்ற ஏற்பாடும் இல்லை. வயிற்றைத் திறந்தால் கிருமித்தொற்றினால் தாய் இறக்கும் ஆபத்து மிகப் பெரிது. ஆகவே வழி அடைபட்ட பிரசவங்களில் குழந்தையின் தலையைச் சிதைத்து வெளியே எடுத்துத் தாயைக் காப்பாற்றுவதே உலகின் பல பாகங்களிலும் நீண்டகாலம் வழக்கமாக இருந்தது. இருவரையும் காப்பாற்ற முடியும் என்று கத்தியை எடுப்பதற்கு வைத்தியருக்குத் திறமை வேண்டும்; உடன்படுவதற்கு அந்தக் குடும்பத்துக்கு நம்பிக்கை வேண்டும். நான்கு ஆண்டுகளாக அவர் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்தது அந்த நம்பிக்கையைத்தான்.

ஒரு நூற்றாண்டின் பின்னர் காட்சி தலைகீழாகியுள்ளது. மேற்குறிப்பிட்ட 2019-21 ஆய்வின்படி கேரளத்தில் 100 பிரசவங்களில் ஏறத்தாழ 39 சிசேரியன் மூலம் நிகழ்கின்றன. 10 முதல் 15 வீதம் வரையே தேவையானது என உலக சுகாதார நிறுவனம் 1985 ஆம் ஆண்டு முதல் கூறிவந்துள்ளது. உயிர்காக்கும் கடைசி வழியாக அம்மையார் கையாண்ட முறை, இன்று வசதிக்காகவும் வருமானத்துக்காகவும் கையாளப்படுகிறதோ என்ற கேள்வி அங்கு எழுப்பப்படுகிறது. அதே வேளை, 2018-20 காலப்பகுதியில் இந்தியாவின் தாய் மரண வீதம் ஓர் இலட்சம் பிறப்புகளுக்கு 97 ஆக இருந்தபோது கேரளத்தில் அது 19 ஆக மட்டுமே இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது. இவ்விரு எண்களும் ஒரே வரலாற்றின் இரு பக்கங்கள்.

1924 ஆம் ஆண்டில் திருவிதாங்கூரின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற மகாராணி சேது லட்சுமி பாய், அம்மையாரை மருத்துவத் திணைக்களத்தின் தலைமைக்கு உயர்த்தினார். சட்டசபைக்கும் அவர் நியமிக்கப்பட்டார். அச்சமஸ்தானத்தில் ஒரு பெண் சட்டசபையில் அமர்ந்தது அதுவே முதற்தடவை. 1938 ஆம் ஆண்டில் சேர்ஜன் ஜெனரல் என்ற உயர் பதவியையும் ஏற்றார். 1931 ஆம் ஆண்டின் குடிசனமதிப்பில் சுமார் 51 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாடு அது. 32 அரசினர் வைத்தியசாலைகளும் 40 மருந்தகங்களும் 20 தனியார் நிறுவனங்களும் அவருடைய மேற்பார்வையின் கீழ் வந்தன. விஞ்ஞானம் கற்க இடமில்லை என்று அவரைத் திருப்பியனுப்பிய அதே நகரில், ஆண் வைத்தியர்கள் அனைவரும் அவருடைய கட்டளையை எதிர்பார்த்து நின்றனர். அமெரிக்க ஐக்கிய நாட்டில் சேர்ஜன் ஜெனரல் பதவிக்குப் பெண்ணொருவர் நியமிக்கப்பட்டது 1990 ஆம் ஆண்டிலேயே என்பது ஒப்பிடத்தக்கது.

பதவி உயர்ந்தபோது அவருடைய பார்வையும் பிரசவ அறைக்கு அப்பால் விரிந்தது. திருவனந்தபுரத்தில் எக்ஸ் கதிர் மற்றும் ரேடியம் சிகிச்சை நிலையத்தையும், நாகர்கோவிலில் காசநோய்ச் சிகிச்சை நிலையத்தையும் நிறுவினார். நாகர்கோவில் 1956 ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர்ப் பகுதியாக இருந்து, பின்னர் கன்னியாகுமரி மாவட்டத்தின் தலைநகராகத் தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே அம்மையாரின் பணியின் ஒரு பகுதி தமிழ் பேசும் மக்களுக்கும் நேரடியாகக் கிட்டியது. இதனைத் தமிழில் எழுதப்படும் குறிப்புகள் கூட அரிதாகவே சுட்டிக்காட்டுகின்றன.

திருவிதாங்கூர் மன்னர் அவருக்கு வைத்திய சாஸ்திர குசலா என்ற பட்டத்தை வழங்கினார். இளம் கிறிஸ்தவ மகளிர் சங்கத்தின் திருவனந்தபுரக் கிளையை 1918 ஆம் ஆண்டில் தொடக்கி, 1968 வரை ஐம்பது ஆண்டுகள் அதன் தலைவியாகவும் இருந்தார். மகள் கிரேசி தாயின் வழியில் வைத்தியரானார். மகன் இந்திய இராஜதந்திர சேவையில் உயர்ந்தார். எண்ணற்ற தாய்மாரையும் குழந்தைகளையும் மரணத்திலிருந்து மீட்ட அவர், தம் முதுமையில் கணவரையும் இரு பிள்ளைகளையும் தமக்கு முன்னரே பறிகொடுத்தார். 1975 ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருதை அளித்தபோது அவருக்கு வயது 88. மறு ஆண்டு ஒக்டோபர் 2 ஆம் திகதி காலமானார். அவர் எழுதிவைத்த வாழ்க்கைக் குறிப்புகள் பல தசாப்தங்கள் கழிந்த பின்னரே நூலுருப் பெற்றன.