இசைவாணர் கிட்டப்பா

மேல் ஸ்தாயியை எட்ட விழைந்து, உரத்துக் கூவித் தொண்டை கட்டி வருந்தும் இளைஞர் சிலரை நாம் உடன்குடியிற் கண்டிருக்கின்றோம். அன்னார்க்குப் பயன்படுமென எண்ணி எஸ். ஜி. கிட்டப்பாவின் சரிதத்தை ஈண்டு சுருக்கி வரைகின்றோம்.

1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் அவர் பிறந்தார். இயற்பெயர் இராமகிருஷ்ணன். பிள்ளைப் பருவத்திலேயே தமையன்மாருடன் நாடக மேடையேறினார். பின்னர்க் கன்னையா கம்பெனியிற் சேர்ந்து பெரும்புகழ் எய்தினார்.

அக்காலத்து நாடகக் கொட்டகைகளில் ஒலிபெருக்கி இல்லை. கடைசி வரிசையில் இருப்போர்க்கும் பாட்டுக் கேட்க வேண்டுமாதலின், நடிகர்கள் உயர்ந்த சுருதியிற் பாடினர். அவ்வுயரத்திற் பலர் குரல் கூச்சலாய் முடியும். கிட்டப்பாவின் குரலோ இனிமை குன்றாது, பிருகாக்களை எளிதில் உதிர்த்து நின்றது. அவர் பாடிய 'எவரனி' என்னும் தியாகராஜ கீர்த்தனையின் இசைத்தட்டு இதற்குச் சான்றாகும்.

தம்முடன் நடித்த கே. பி. சுந்தராம்பாளை அவர் மணந்தார். இருவரும் சேர்ந்து நடித்த நாடகங்களுக்கு மக்கள் திரள்திரளாய் வந்தனர். அந்தோ! 1933-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள், 27-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார். சுந்தராம்பாள் 1980-இல் தாம் மறையுமளவும் வெள்ளாடையே உடுத்தி வாழ்ந்தார்.

இளைஞர்காள்! கிட்டப்பாவின் உயரத்தை விரும்புவது நன்றே. ஆயினும் அவ்வுயரம் சிறுவயது முதல் நாள்தோறும் மேடையிற் பாடிப் பழகியதன் பயன் என்பதை மறவாதீர். பதமறிந்து காய்ச்சினாலன்றோ பதநீர் கருப்பட்டியாகும்? தீயை மிகுத்தால் அடிபிடித்துக் கரிந்துபோம். குரலும் அத்தகையதே.