அல்பெர்ட்டோ அஸ்காரி

1925-ம் ஆண்டு ஜூலை மாதம் 26-ந் தேதி, பாரிஸ் மாநகருக்கு அண்மையிலுள்ள மோன்லேரி களத்திலே பிரெஞ்சு கிராண்ட் பிரீ மோட்டார்ப் பந்தயம் நடைபெற்றது. யாவருக்கும் முன்னே ஓடிக்கொண்டிருந்தவர் இத்தாலியராகிய அந்தோனியோ அஸ்காரி. அவருடைய ஆல்பா ரோமியோ வண்டி வளைவொன்றில் ஓரத்து வேலியிலே சிக்கிக் கவிழ்ந்தது. அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 36. ஆல்பா ரோமியோ கம்பெனியார் தங்கள் மற்ற வண்டிகளையும் பந்தயத்தினின்று விலக்கிக்கொண்டனர். மிலான் நகரிலே அவருடைய மைந்தன், ஏழாண்டு நிறைந்து இரு வாரமும் ஆகாத சிறுவன், தந்தையை இழந்தான். அச்சிறுவனே பிற்காலத்தில் இருமுறை உலக வாகை சூடிய அல்பெர்ட்டோ அஸ்காரி. அவர் சரிதத்தையே நாம் ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

தந்தையை விழுங்கிய தொழிலை மைந்தன் வெறுத்திருக்கலாம். வெறுத்திருப்பின் உலகம் வியந்திராது. அல்பெர்ட்டோவோ கல்வியினும் மோட்டார் சைக்கிளையே பெரிதும் விரும்பினார். பியாங்கி கம்பெனியின் சைக்கிள்களை ஓட்டிப் பந்தயங்களிற் பழகினார். தந்தையின் நண்பரும், ஆல்பா ரோமியோவில் அவரோடு வண்டியோட்டியவருமான என்ஸோ பெராரி அக்காலத்திலே மோடெனா நகரில் தனியே தொழிற்சாலை அமைத்திருந்தார். பழைய ஒப்பந்தமொன்றின் காரணமாகத் தம் பெயரை வண்டிக்கு இடவும் அவருக்கு அப்போது உரிமையில்லை. பெயரில்லாத அந்த வண்டிகளில் ஒன்றையே அல்பெர்ட்டோ 1940-ல் மில்லே மில்யா பந்தயத்தில் ஓட்டினார். வண்டி பழுதுற்று இடையிலே நின்றுவிட்டது.

பின்னர் யுத்தம் வந்தது. லூயிஜி வில்லோரேஸி என்னும் நண்பருடன் கூடி, வட ஆப்பிரிக்காவிலிருந்த இத்தாலியப் படைகளுக்குப் பெட்ரோல் அனுப்பும் வியாபாரத்தில் ஈடுபட்டார். யுத்தம் முடிந்தபோது அல்பெர்ட்டோ இல்லறத்தார். மீண்டும் பந்தயத்தில் இறங்கலாமா என்று தயங்கினார். ஊக்கமூட்டி அழைத்து வந்தவர் வில்லோரேஸியே. ஒன்பதாண்டு மூத்தவரான அவரும் தம் உடன்பிறந்தாரை 1939-ல் மோன்ஸா களத்திலே ஒரு வண்டியோட்டச் சோதனையில் இழந்தவர். இவ்விருவரும் அபாயம் இன்னதென்று அறியாது களம் புகுந்தவரல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

1949-ல் இருவரும் பெராரியின் அணியிற் சேர்ந்தனர். உலக வாகைக்கான பந்தய வரிசை 1950-ல் தொடங்கிற்று. 1952-ம் ஆண்டிலே, நான்கு சிலிண்டர்களுடைய இரண்டு லிட்டர் பெராரி வண்டியில் அஸ்காரி பெல்ஜியம், பிரான்ஸ், பிரிட்டன், ஜெர்மனி, ஹாலந்து, இத்தாலி ஆகிய ஆறு நாட்டுப் பந்தயங்களையும் தொடர்ந்து வென்றார். அடுத்த ஆண்டு அர்ஜென்டினா, ஹாலந்து, பெல்ஜியம் மூன்றிலும் வெற்றி தொடர்ந்தது. இடையிலே அமெரிக்க இண்டியானபொலிஸ் பந்தயம் ஒன்று வந்ததெனினும், அவர் கலந்துகொண்ட கிராண்ட் பிரீகளை மட்டும் எண்ணினால் அடுத்தடுத்து ஒன்பது வெற்றிகள். 1953-லும் உலக வாகை அவருக்கே கிடைத்தது.

வெற்றிகளின் தொகையைக் காட்டிலும் நம் மனத்தைக் கவர்வது வேறொரு நிகழ்ச்சி. 1953-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்திலே முதலாவதாக ஓடிக்கொண்டிருக்கையில் அவர் வண்டியின் முன்சக்கரம் ஒன்று கழன்று போயிற்று. பிறரெனின் வண்டியோடு மாய்ந்திருப்பர். அவரோ மூன்று சக்கரங்களுடனே வண்டியை நிலைதவறாது நடத்திப் பணிமனை சேர்த்து, வில்லோரேஸியின் வண்டியை வாங்கிக்கொண்டு மீண்டும் ஓட்டினார்! பருத்த உடலும் நிதான புத்தியுமுடைய அவர் முன்னே ஓடும்போது பிழை செய்தல் அரிது; பிறர் பின்னே ஓட நேரின் அத்துணை நிதானம் இராது என்பர்.

அவரிடம் ஒரு பலவீனம் இருந்தது. சகுனம் பார்ப்பார், கறுப்புப் பூனையைக் கண்டால் வழி விலகுவார், தமது வெளிர்நீலத் தலைக்கவசமன்றி வேறொன்றை அணியார். இதைக் கண்டு நகைப்போர் உண்டு. ஏழு வயதில் தந்தையை இழந்தவரை நகைக்க நமக்கு மனம் வரவில்லை. தம் மக்கள் இருவரிடத்தும் அவர் கடுமையாகவே நடந்துகொண்டாராம். தம்மீது அளவுகடந்த அன்பு வைத்தால், ஒருநாள் தாம் திரும்பி வாராதபோது அவர்கள் அதிகம் வருந்துவர் என்பதே காரணமென்று பெராரி தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கின்றார். இவ்வாறு அன்பை மறைத்தது சரியோ தவறோ, நாம் தீர்ப்புக் கூறத் துணியோம். மக்கள் அதனால் குறைவாக வருந்தினர் என்று நம்புதல் மட்டும் நமக்கு அரிதாயிருக்கின்றது.

1954-ல் பெராரியை விட்டு லான்சியா கம்பெனியிற் சேர்ந்தார். புதிய வண்டி ஆயத்தமாகாமையால் அவ்வாண்டின் பெரும்பகுதி வீணாயிற்று. மில்லே மில்யா பந்தயத்தில் மட்டும் முதற்பரிசு பெற்றார். 1955 மே மாதம் 22-ந் தேதி மொனாக்கோவிலே, முன்னே ஓடிய மாஸ் என்பவரின் எஞ்சின் பழுதுபடவே, முதலிடம் அஸ்காரியின் கைக்கு எட்டிய தறுவாயில், அவர் வண்டி தடம் புரண்டு துறைமுகக் கடலிற் பாய்ந்தது. நீந்தி மேலே வந்தார். மூக்கில் அடிபட்டதேயன்றிப் பெருங்கேடு இல்லை.

நான்கு நாட் கழித்து, 26-ந் தேதி, மோன்ஸாவுக்குச் சென்றார். ஆங்கு காஸ்டெலொட்டி என்னும் இளைஞர் பெராரி வண்டியொன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். அஸ்காரி அன்று ஓட்டுவதாக ஏற்பாடில்லை. எனினும் சில சுற்று ஓட்டிப் பார்க்க விரும்பினார். விபத்துக்குப் பின் தைரியம் குன்றவில்லையென்று தமக்கே காட்டிக்கொள்ள விரும்பினார் போலும். நீலக் கவசம் உடன் இல்லை. வாழ்நாளெல்லாம் காத்த நியமத்தை விடுத்து, காஸ்டெலொட்டியின் கவசத்தை வாங்கி அணிந்துகொண்டார். மூன்றாம் சுற்றிலே, வியலோனே என்னும் வளைவில், வண்டி புரண்டு அவர் மாண்டார். காரணம் இன்றளவும் தெளிவாகவில்லை. தந்தையைப் போலவே அவருக்கும் வயது 36, நாளும் 26. இந்த ஒற்றுமையைப் பலர் விதியென்று பேசுவர்; ஒருவர் தம் அச்சத்தை அன்று ஒருநாள் அடக்க முயன்றதையே நாம் அதனிற் பெரிதாகக் காண்கின்றோம்.

தந்தை இறந்தபோது ஆல்பா ரோமியோ விலகியது போலவே, லான்சியாவும் சில வாரங்களிலே பந்தயத் தொழிலினின்று விலகித் தன் வண்டிகளைப் பெராரியிடம் ஒப்படைத்தது. மோன்ஸாவின் அவ்வளைவு பின்னர் அஸ்காரியின் பெயரைப் பெற்றது. மிலான் நகரின் பெரிய கல்லறைத் தோட்டத்திலே தந்தையின் அருகில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.