ஒளியின் வேறுபாட்டை அளந்தவர்

கஸ்டாவ் தியோடர் ஃபெக்னர் 1801ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் கிராஸ் சேர்ஹென் என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று போலந்து நாட்டில் உள்ளது. ஐந்து வயதில் தந்தையை இழந்த அவர், பதினாறாம் வயதில் ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். பின்னர் அவருடைய மனம் இயற்பியலை நாடியது. பிரெஞ்சு அறிவியல் நூல்களை மொழிபெயர்த்துப் பொருள் ஈட்டினார். 1834இல் அப்பல்கலைக்கழகத்திலேயே இயற்பியல் பேராசிரியர் ஆனார்.

கண்ணின் இயல்பை அறிய விரும்பிய ஃபெக்னர், நிறக் கண்ணாடிகளின் வழியே கதிரவனை உற்று நோக்கி ஆய்வு செய்தார். அதனால் அவருடைய கண்கள் கெட்டன. சிறிதளவு ஒளியையும் தாங்க இயலாத நிலை வந்தது. அவர் பணியைத் துறந்து, கண்களை மூடிக் கட்டியவாறு இருண்ட அறையில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் வாழ்ந்தார். 1843இல்தான் பார்வை மெல்லத் திரும்பியது.

துன்பம் அவரது ஆர்வத்தை அழிக்கவில்லை. 1850ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள் காலை, மனிதர் உணர்வதையும் அளக்க முடியும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. ஒரு விளக்கு எரியும் அறையில் மற்றொன்றை ஏற்றினால் வேறுபாடு நன்கு புலப்படும். நூறு விளக்குகளுக்கு நடுவே ஒன்றை ஏற்றினால் அவ்வளவு புலப்படாது. வேறுபாட்டின் அளவைவிட அதன் விகிதமே முதன்மையானது. இவ்வுண்மையை அவருடைய ஆசிரியர் வெபர், எடைகளைக் கொண்டு முன்பே கண்டிருந்தார்.

ஃபெக்னர் இதனை வானத்தில் சோதித்தார். மிகச் சிறிதளவே வேறுபட்ட இரு மேகப் பகுதிகளைத் தேர்ந்து, சாம்பல் நிறக் கண்ணாடி வழியே நோக்கினார். ஒளி குறைந்தபோதும் வேறுபாடு மறையவில்லை. ஆனால் ஒளி மிகவும் குன்றினால் இவ்விதி பொருந்துவதில்லை. முழு இருளிலும் கண் தானே ஒரு மங்கிய ஒளியை உணர்கிறது. அது புற ஒளியோடு கலந்து சிறு வேறுபாடுகளை மறைக்கிறது என்று அவர் விளக்கினார். 1860இல் தம் ஆய்வுகளை நூலாக வெளியிட்டார். 1887இல் லைப்சிக் நகரில் மறைந்தார்.

அவர் மறைந்த எட்டு ஆண்டுகளுக்குப் பின் எக்ஸ் கதிர்கள் கண்டுபிடிக்கப்பட்டன. இன்று மருத்துவர்கள் நுரையீரலின் எக்ஸ் கதிர்ப் படத்தைக் கணினித் திரையில் காண்கின்றனர். நோயின் தொடக்கம் அதில் ஒரு மங்கிய நிழலாக மட்டுமே தெரியக்கூடும். திரையில் மணல் தூவியதுபோல் ஒழுங்கற்ற ஒளிப் புள்ளிகள் தோன்றினால் அந்நிழல் அவற்றுள் மறைந்துவிடும். இதனைத் திரையின் இரைச்சல் என்பர். கண்ணுக்குள்ளும் இத்தகைய இரைச்சல் உண்டு. ஃபெக்னர் குறிப்பிட்ட மங்கிய ஒளியை அறிஞர்கள் அவ்வாறே கருதுகின்றனர். மருத்துவத் திரைகளின் ஒளிப்படிகள், கண் உணரக்கூடிய மிகச் சிறிய வேறுபாட்டை அடிப்படையாகக் கொண்டே அமைக்கப்படுகின்றன. அந்த வேறுபாட்டை அளக்கும் முறைகளை வகுத்தவர், ஒளியைக் காண இயலாமல் மூன்று ஆண்டுகள் இருளில் வாழ்ந்த ஃபெக்னரே.

பயிற்சி

1. ஃபெக்னரின் கண்கள் கெடக் காரணம் யாது?
2. மேகங்களைக் கொண்டு அவர் அறிந்த உண்மை யாது?
3. திரையின் இரைச்சல் நோயறிதலுக்கு எவ்வாறு இடையூறு செய்கிறது? உம் சொந்த நடையில் எழுதுக.