அருணாசலம் ஹோலுக்குப் பெயர் தந்தவர்

பேராதனையில் நான் குடியிருந்தது அருணாசலம் ஹோலில். வீட்டுக்குப் போடும் கடிதமெல்லாம் அந்த முகவரியில்தான். அந்தப் பெயருக்கு உரியவரைப் பற்றி, இப்போது அங்கே இருக்கும் தம்பிமாருக்காக நாலு வார்த்தை எழுதுகிறேன்.

சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1853இல் கொழும்பில் பிறந்தவர். சேர் பொன்னம்பலம் இராமநாதனின் தம்பி. அண்ணன் பெயரிலும் பேராதனையில் ஒரு ஹோல் உண்டு. புலமைப் பரிசில் பெற்று கேம்பிரிட்ஜில் படித்த அருணாசலம், 1875இல் திறந்த போட்டிப் பரீட்சையில் தேறி இலங்கை சிவில் சேவையில் சேர்ந்தார். அப்படிச் சேர்ந்த முதல் இலங்கையர் அவர்தான். பதிவாளர் நாயகமாக இருந்தார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டை நடத்தினார். திருவாசகப் பாடல்கள் சிலவற்றை ஆங்கிலத்தில் தந்தார்.

அந்தக் காலத்தில் பட்டம் வேண்டுமென்றால் கப்பலேற வேண்டும். இல்லையென்றால் லண்டன் பரீட்சை எழுத வேண்டும். கப்பலேறும் வாய்ப்பு தனக்குக் கிடைத்ததே, அது போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. இந்த நாட்டுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் வேண்டும், அதில் தமிழுக்கும் சிங்களத்துக்கும் உரிய இடம் வேண்டும் என்று வாதாடினார். 1906இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு.

1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக நிற்க வேண்டும் என்பதே அவர் எண்ணம். ஆனால் மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் தருவதாகச் சொன்ன வாக்குக் காப்பாற்றப்படவில்லை. மனம் நொந்து விலகினார். ஒப்பந்தத்தை மீறிய தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்துக்கு எதிராகவும் குரல் கொடுத்தார்.

1921இல் கொழும்பில் வந்தது பல்கலைக்கழகக் கல்லூரி மட்டுந்தான். அங்கேயும் லண்டன் பட்டத்துக்குத்தான் படிப்பு. 1924 ஜனவரியில், தல யாத்திரை போன இடத்தில், மதுரையில் காலமானார். இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது 1942இல். பேராதனைக்கு வந்தது 1952இல். அவர் கேட்டதை அவர் காணவில்லை. அனுபவித்தவர்கள் நாங்கள்.

அவர் பெயர் தாங்கிய கூரையின் கீழ் தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். காங்கிரஸில் அவருக்கு உடைந்துபோன ஒன்று அந்த மேசையிலாவது உடையாமல் இருக்க வேண்டும்.

சீனியர் தம்பிமாரே, முதல் வாரத்தில் ஜூனியர்களிடம் பெயர், ஊர் கேட்பீர்கள். கூடவே ஹோலின் பெயர்க் கதையையும் சொல்லிக் கொடுங்கள். பகிடிவதையை விட அது நல்ல வரவேற்பு.