கே. சங்கர் பிள்ளை

கே. சங்கர் பிள்ளை (ஜூலை 31, 1902 - டிசம்பர் 26, 1989) இந்தியாவின் புகழ்பெற்ற கேலிச்சித்திர ஓவியர்களுள் ஒருவர். சங்கர் என்ற பெயரில் வரைந்தார். சங்கர்ஸ் வீக்லி என்னும் ஆங்கில வார இதழின் நிறுவனர் என்றே பலரும் இவரை அறிவர். பல நாட்டு மக்களின் உடைகளைக் காட்டும் சிற்றுருவப் பொம்மைகளுக்கெனப் புது தில்லியில் ஓர் அருங்காட்சியகத்தை அமைத்தவரும் இவரே.

வாழ்க்கைச் சுருக்கம்

கேரளத்தின் காயங்குளத்தில் பிறந்த சங்கர், திருவனந்தபுரத்தில் பட்டம் பெற்ற பின்னர் சட்டம் பயில மும்பை சென்றார். அப்படிப்பை இடையிலேயே கைவிட்டார். இதழ்களுக்கு வரைந்துவந்த இவர், 1932 இல் தில்லியில் இந்துஸ்தான் டைம்ஸ் நாளிதழின் கேலிச்சித்திர ஓவியரானார். 1948 இல் தமது வார இதழைத் தொடங்கினார். அதன் தொடக்க விழாவில் கலந்துகொண்ட பிரதமர் நேரு, தம்மையும் விட்டுவைக்காமல் வரையுமாறு கேட்டுக்கொண்டார். சங்கரும் விட்டுவைக்கவில்லை. நெருக்கடி நிலைக் காலமான 1975 இல் இதழ் நின்றது. அரசியலமைப்பு உருவாக்கத்தின் தாமதத்தைக் குறித்து 1949 இல் இவர் வரைந்த படம், அம்பேத்கரை இழிவுபடுத்துவதாக 2012 இல் எதிர்ப்புக்குள்ளாகிப் பள்ளிப் பாடநூலிலிருந்து நீக்கப்பட்டது.

பொம்மைகள்

1950களின் தொடக்கத்தில், சங்கர் நடத்திய சிறுவர் போட்டிக்குப் பரிசாக அங்கேரியத் தூதர் தம் நாட்டுப் பொம்மை ஒன்றை அளித்தார். அதன் அழகில் ஈடுபட்ட சங்கர், பின்னர் வெளிநாடு சென்றபோதெல்லாம் பொம்மைகளை வாங்கி வந்தார். ஏறத்தாழ 500 பொம்மைகள் சேர்ந்தன. சிறுவர்களின் ஓவியங்களுடன் இவற்றையும் ஊர் ஊராகக் கொண்டுசென்று காட்சிக்கு வைத்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் கட்டுவதிலும் பிரிப்பதிலும் சில பொம்மைகள் சேதமடைந்தன. கொலுப் பொம்மைகளை ஆண்டுதோறும் பரணிலிருந்து இறக்குவோருக்கு இந்த இழப்பு புரியும். கண்காட்சிக்கு வந்த நேருவிடமும் இந்திரா காந்தியிடமும் சங்கர் இக்குறையைக் கூற, நிலையான இடம் ஒன்று அமைக்கும் எண்ணம் பிறந்தது.

அருங்காட்சியகத்தைக் குடியரசுத் தலைவர் சர்வபள்ளி இராதாகிருட்டிணன் நவம்பர் 30, 1965 அன்று திறந்துவைத்தார். சப்பானியச் சாமுராய், கபுக்கி பொம்மைகள், எசுப்பானிய நடனப் பொம்மைகள் எனச் சுமார் 85 நாடுகளின் 6000 க்கும் மேற்பட்ட பொம்மைகளாக இத்தொகுப்பு வளர்ந்தது.

வாங்கிச் சேர்ப்பதோடு சங்கர் நிற்கவில்லை என்பதே இங்கு முதன்மையானது. அருங்காட்சியகத்துடன் இணைந்த பட்டறையில், பல மாநில மக்களின் முகச்சாயல், உடை, அணிகலன் ஆகியவற்றை ஆராய்ந்து கையால் பொம்மைகள் செய்யப்பட்டன. மணமக்கள், நடனக் கலைஞர்கள் உட்பட இவை சுமார் 150 வகைகள். இவற்றைக் கொடுத்து வெளிநாட்டுப் பொம்மைகள் மாற்றாகப் பெறப்பட்டன, சேகரிப்போருக்கும் விற்கப்பட்டன. 1980 இல் போலந்தின் கிராக்கோவில் நடந்த பொம்மைக் கண்காட்சியில் இவை முதற்பரிசான தங்க மயிலிறகு விருதைப் பெற்றன.

பிற பணிகள்

1957 இல் சிறுவர் நூல் அறக்கட்டளையை நிறுவினார். பத்மசிறீ (1956), பத்ம பூசண் (1966), பத்ம விபூசண் (1976) விருதுகளைப் பெற்றார். 1989 இல் காலமானார். அறக்கட்டளையும் பொம்மை அருங்காட்சியகமும் பகதூர் சா சாபர் சாலையிலுள்ள நேரு இல்லத்தில் அமைந்துள்ளன.