செந்திலம்பதியில் பேச்சுப் பெற்ற ஸ்ரீ குமரகுருபர சுவாமிகள்

கல்லுமலையில் முருகப்பெருமானைத் தரிசித்துப் பழகிய பேராக் மாநிலத்து அடியார்கள் தலயாத்திரையாகத் திருச்செந்தூர் செல்லும்போது, முதலில் வியப்படைவது அங்குள்ள கடலைக் கண்டுதான். அறுபடை வீடுகளுள் அலைகள் வந்து மோதும் கரையில் அமைந்தது அத்திருத்தலம் ஒன்றே. உவர்நீருக்கு மிக அருகே நன்னீர் ஊறும் நாழிக்கிணறும் அங்கு உண்டு. அந்தக் கடற்கரைச் சந்நிதியில்தான், சுமார் நானூறு ஆண்டுகளுக்கு முன்னர், வாய் பேசாத ஒரு குழந்தையுடன் பெற்றோர் இருவர் தவம் கிடந்தனர்.

தாமிரபரணிக் கரையிலுள்ள ஸ்ரீவைகுண்டத்தைச் சேர்ந்த சண்முகசிகாமணிக் கவிராயரும் அவர்தம் துணைவியார் சிவகாமசுந்தரி அம்மையாருமே அவர்கள். கவிராயர் வீட்டுப் பிள்ளைக்கு ஐந்து வயதாகியும் ஒரு சொல்லும் பிறக்கவில்லை. தமிழே சொத்தாக வாழ்ந்த குடும்பத்திற்கு இதனினும் பெருந்துயர் வேறென்ன இருக்க முடியும்? ஒரு மண்டலம் விரதம் பூண்டு, நாள்தோறும் கடலாடி, குழந்தையைச் சந்நிதியில் கிடத்தி வேண்டினர். விரதம் நிறைவுறும் வேளையில் அர்ச்சகர் வடிவில் ஒருவர் கையில் மலருடன் தோன்றி, அஃது என்னவென்று குழந்தையை வினவினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அம்மலரையே முதற்சொல்லாகக் கொண்டு குழந்தை பாடியருளியது கந்தர் கலிவெண்பா. இன்றும் மழலையின் பேச்சுக்காக வேண்டுவோர் அந்நூலைப் பாராயணம் செய்கின்றனர்.

வளர்ந்து மதுரையை அடைந்த சுவாமிகள், திருமலை நாயக்க மன்னர் முன்னிலையில் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார். அர்ச்சகரின் பெண்குழந்தையாக அம்மையே வந்து, மன்னர் மடியில் அமர்ந்து கேட்டு, அவரது முத்துமாலையைக் கழற்றிப் புலவருக்கு அணிவித்து மறைந்தாள் என்பர். புகழ் இவ்வாறு பெருகியபோதும் அவர் மனம் குருவையே நாடியது. எவர் முன்னிலையில் வாக்குத் தடைபடுமோ அவரே குரு என்பது அவருக்குக் கிடைத்திருந்த குறிப்பு.

தருமபுர ஆதீனத்தின் நான்காவது குருமகாசந்நிதானம் மாசிலாமணி தேசிகர், பெரியபுராணப் பாடல் ஒன்றின் அநுபவப் பொருளைக் கேட்டார். செந்திலாண்டவன் திறந்துவிட்ட வாய் அங்கே அடைபட்டது. வரம் கேட்டுப் பெற்ற பேச்சு, குருவின் முன் மௌனமாயிற்று! சுவாமிகள் வரலாற்றில் முத்துமாலையினும் பெரிய பேறு இதுவே எனலாம். துறவு வேண்டிய அவரைத் தேசிகர் முதலில் காசி யாத்திரைக்குப் பணித்தார். தூரம் கருதிச் சீடர் தயங்கவே, சிதம்பரவாசம் செய்தால் போதும் என்றருளினார். வழியில் புள்ளிருக்குவேளூரில் முத்துக்குமாரசுவாமி மீது பிள்ளைத்தமிழ் பாடினார். தில்லையில் தங்கிச் சிதம்பர மும்மணிக்கோவை இயற்றினார். பின்னர் துறவு பெற்றுக் காசிக்கே சென்றார்.

காசியில் மூன்றாம் முறையாகப் பேச்சு ஒரு தடையாயிற்று. ஆளும் முகலாயரிடம் மடத்துக்கு இடம் கேட்க வேண்டும். அவர்கள் மொழியோ இவர் அறியாதது. கலைமகளை வேண்டிப் பத்துப் பாடல்களால் சகலகலாவல்லி மாலை சாத்தினார். இந்துஸ்தானி கைவந்தது. அவர் சிங்கத்தின் மீதமர்ந்து அரசவை புகுந்தார் என்றும், அந்த அதிகாரி ஷாஜஹானின் மைந்தன் தாரா ஷிகோவே என்றும் கூறுவர். கேதார கட்டத்தில் குமாரசாமி மடம் எழுந்தது. கேதாரேசுவரர் ஆலய வழிபாடும் புத்துயிர் பெற்றது.

சுவாமிகள் காசியிலேயே சிவபரிபூரணம் எய்தினார். அவர் வழிவந்த காசிவாசி தில்லைநாயக சுவாமிகள், 1720ஆம் ஆண்டில் தஞ்சைத் தரணியின் திருப்பனந்தாளில் காசி மடத்தை நிறுவினார்.

தோட்டப்புறக் கோயில்களில் நவராத்திரி இரவுகளில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் சகலகலாவல்லி மாலையை மனனம் செய்த சிறுவர்கள் பலர், தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போ போன்ற நகர்களுக்குக் குடிபெயர்ந்தனர். அப்பத்துப் பாடல்களும் அவர்களோடு உடன் வந்தன. இப்போது சரசுவதி பூசையன்று பேரப்பிள்ளைகள் பாட, அவர்கள் அருகிலிருந்து பிழை திருத்துகின்றனர்.