மயெஜிமா ஹிசோகா

ஒரு நாட்டின் பெருமையை அதன் படைவலியாலும் செல்வத்தாலும் அளப்பது உலக வழக்கு. எளியோன் ஒருவன் எழுதிய கடிதம் எத்தனை நாளில், என்ன செலவில் உரியவர் கையைச் சேர்கின்றது என்பதும் நல்லதோர் அளவுகோலே என்பது நம் கருத்து. அவ்வகையில் ஜப்பான் தேசத்தை உயர்த்திய மயெஜிமா ஹிசோகா என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1835-ஆம் ஆண்டில் எச்சிகோ நாட்டில் வேளாண் குடியொன்றிற் பிறந்தார். பிறந்த ஆண்டிலேயே தந்தையாரை இழந்து, அன்னையாரால் வளர்க்கப்பெற்றார். இளமையில் தலைநகர் சென்று மருத்துவம் பயின்றார். 1853-இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வந்து தோன்றி நாட்டைத் திகைக்கச் செய்தபின், ஆங்கிலமும் மேல்நாட்டுக் கலைகளும் கற்றலில் மனம் செலுத்தினார்.

அந்நாளில் ஜப்பானில் கடிதங்களைச் சுமந்தவர் ஹிக்கியாக்கு எனப்படும் ஓட்டக்காரர். கூலி மிகுதி, ஆதலின் ஏழைகட்கு அவ்வுதவி எட்டாக் கனியாயிற்று. 1870-இல் இத்துறைக்குத் தலைவரான மயெஜிமா, அரசாங்கம் தன் கடிதங்களின்பொருட்டு இவ்வோட்டக்காரர்க்குத் திங்கள்தோறும் பெருந்தொகை கொடுத்தலைக் கண்டார். அத்தொகையைக் கொண்டே குடிகள் யாவர்க்கும் பயன்படும் அஞ்சலொன்றை நடத்தலாமெனத் திட்டம் வகுத்தார். அத்திட்டம் 1871 ஏப்ரல் 20-இல் தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே தொடங்கிய காலை, அவர் அங்கிருந்திலர்; அரசாங்கக் கடன் விஷயமாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தார்.

சென்ற வேலை வேறாயினும், கண்ட காட்சி வீணாகவில்லை. 1840 முதல் அங்கு வழங்கிய ஒரே வீதக் கட்டணம், தபாற் சாலையிலேயே பணம் அனுப்பும் ஏற்பாடு, உழைப்பாளியின் சிறுகாசையும் ஏற்றுக் காக்கும் 1861-ஆம் ஆண்டின் சேமிப்பு நிதி ஆகிய இவற்றை நன்காராய்ந்து, 1871-இல் நாடு திரும்பினார். 1873-இல் தூரத்திற்கேற்பக் கூடும் கட்டணம் ஒழிந்து, நாடெங்கும் ஒரே கட்டணம் வந்தது. 1875-இல் பணவிடையும் சேமிப்பு நிதியும் தொடங்கின.

எனினும், கற்றதனைத்தையும் கண்மூடிப் பெயர்த்து நட்டாரல்லர். ஊர்தோறும் அஞ்சல் நிலையம் கட்ட அரசாங்கத்திற் பொருளில்லை. அதனால் ஊர்ப்பெரியோரை அணுகி, அவர்தம் இல்லங்களையே நிலையங்களாக்கி, அவர்க்கு அரசு ஊழியரெனும் மதிப்பை அளித்தார். பணத்தினும் அம்மதிப்பையே அவர் பெரிதெனக் கொண்டனர்.

பிழைப்பிழக்க நேர்ந்த ஓட்டக்காரரோ கொதித்தெழுந்தனர். அவர் சினம் நியாயமற்றதன்று. மயெஜிமா அவரைப் பகைவராக எண்ணாது, கடிதத்தை அரசுக்கு விட்டுப் பொருள்களைச் சுமக்கும் கூட்டு நிலையமொன்று அமைக்குமாறு அறிவுறுத்தினார். 1872-இல் அது தோன்றிற்று. ஒரு சீர்திருத்தத்தின் தகுதி, அதனால் நட்டமடைவார்க்கு அது காட்டும் வழியிலும் விளங்கும் என்பதை நாம் மறத்தலாகாது.

இன்னும் ஒரு குறை நின்றது. யோக்கோஹாமா முதலிய துறைமுகங்களில் அயல் நாட்டார் தம் தபாற் சாலைகளைத் தாமே நடத்திவந்தனர். 1873-இல் அமெரிக்காவோடு அஞ்சல் உடன்படிக்கை ஏற்பட்டது. 1874-இல் பெர்ன் நகரில் பல தேசத்தார் கூடி அமைத்த அஞ்சற் சங்கத்தில் 1877-இல் ஜப்பானும் சேர்ந்தது. நேற்றுவரை மாணாக்கனாய் நின்ற நாடு, ஆசிரியரோடு சமமாய் அமர்ந்தது. 1880-க்குள் அயலார் தபாற் சாலைகள் யாவும் மூடப்பட்டன.

மயெஜிமா 1919-இல் காலமானார். அவர்தம் உருவம் ஜப்பானிய அஞ்சல் தலையிற் பொறிக்கப்பெற்றது. பிறரிடம் கற்றலை இழிவென்று நாணுவோரும், கற்றதை ஆராயாது கைக்கொள்வோரும் நம்மிடையே உளர். நாளை அரசாங்க அலுவல்களிற் புகவிருக்கும் நம் மாணவத் தோழர் இருசாராரையும் விடுத்து, இப்பெரியார் சென்ற நடுவழியைத் தெரிந்துகொள்வாராக.